விளக்கைப் பார்த்து மனசை நிறுத்தலாமா?



தியானம் என்று பேச்செடுத்தால் நம்மில் பெரும்பாலோருக்கு ஒரே புகார்தான். "கண்ணைத் திறந்துகிட்டு இருக்கறப்பக் கூட இவ்வளவு ஞாபகம் வரலை அக்கா. கண்ணை மூடினாப் போதும், பால் பாக்கி, ஸ்கூல் ஃபீஸ், நாத்தனார் போன வருஷம் சொன்ன சொல்லு, எல்லாம் வரிசையா வந்து நிக்குது!" என்பார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. வீட்டில் இருக்கிற நாலு பேருக்கு எது எப்போது வேண்டும் என்று விடிந்ததிலிருந்து நினைவில் வைத்துக்கொண்டே பழகிய மனசு அது. திடீரென்று "சும்மா இரு" என்றால் எப்படி இருக்கும்? கைக்குழந்தையிடமிருந்து எதையாவது பிடுங்க வேண்டுமென்றால் வேறு ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுத்தானே பிடுங்குகிறோம்! மனசுக்கும் அப்படித்தான். பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று கொடுக்க வேண்டும்.

கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தொடங்குகிற ஒரு பயிற்சி நம் யோக நூல்களில் இருக்கிறது. அதற்குத் 'திராடகம்' என்று பெயர். ஏதாவது ஒரு சிறிய பொருளை, பெரும்பாலும் விளக்கின் சுடரை, அசையாமல் பார்ப்பது. பிறகு கண்ணை மூடி, அதே சுடரை உள்ளே பார்ப்பது. அவ்வளவுதான் பயிற்சி. ஆனால் இதைச் சுற்றி எத்தனை கதைகள், எத்தனை பயங்கள், எத்தனை பேராசைகள்! அதனால்தான் இந்த இதழில் இதை எடுத்துக்கொண்டேன்.

அதென்ன திராடகம்?

15ஆம் நூற்றாண்டில் ஸ்வாத்மாராமர் எழுதிய 'ஹடயோகப் பிரதீபிகை' என்ற நூலில் உடம்பைச் சுத்தம் செய்யும் ஆறு கிரியைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. தௌதி, பஸ்தி, நேதி, திராடகம், நௌலி, கபாலபாதி என்பவை அவை. வயிற்றைக் கழுவுவது, மூக்கைக் கழுவுவது இவற்றோடு சேர்த்துத்தான் திராடகத்தையும் வைத்திருக்கிறார்கள். 'கேரண்ட சம்ஹிதை' என்ற பிற்கால நூலிலும் அப்படியே.

இதைக் கவனித்தீர்களா? நம் முன்னோர்கள் திராடகத்தையே தியானம் என்று சொல்லவில்லை. வாசல் தெளிப்பது போல இது ஒரு முன்வேலை. வாசல் தெளித்த பிறகுதானே கோலம்? பதஞ்சலி தமது யோக சூத்திரத்தில் மனசை ஓரிடத்தில் கட்டி வைப்பதைத் 'தாரணை' என்கிறார். அது தொடர்ந்து ஒழுகும்போதுதான் தியானம். திராடகம் நம்மைத் தாரணையின் வாசற்படி வரை கொண்டுவந்து விடும். மேலே ஏறுவது நம் கையில்.

இந்தப் பழக்கம் யோகிகளுக்கு மட்டும் சொந்தம் என்றும் நினைக்க வேண்டாம். 5ஆம் நூற்றாண்டில் இலங்கை அனுராதபுரத்தில் இருந்துகொண்டு புத்தகோஷர் பாலி மொழியில் எழுதிய 'விசுத்திமார்க்கம்' நூலில், களிமண்ணால் ஒரு வட்டம் செய்து வைத்துப் பார்ப்பதும், நெருப்பைப் பார்ப்பதும் விவரமாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. கண்ணைத் திறந்தும் மூடியும் பழகி, கடைசியில் மூடிய கண்ணிலும் அதே உருவம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது அங்கே கணக்கு. ஊர் வேறு, மதம் வேறு, வழி மட்டும் ஒன்றாக இருக்கிறது பாருங்கள்.

பார்த்தால் மனசு எப்படி நிற்கும்?

நாம் எதையாவது யோசிக்கும்போது கண்ணும் சேர்ந்து அலைவதைக் கவனித்திருப்பீர்கள். "சாவியை எங்கே வச்சேன்?" என்று யோசிக்கும்போதே பார்வை கூரைக்கும் தரைக்கும் ஓடும். பார்வையை ஓரிடத்தில் உட்கார வைத்தால், மனசு ஓட ஆரம்பிப்பது உடனே நமக்குத் தெரிந்துவிடும். திராடகத்தின் சூட்சுமமே அதுதான்.

"செல்போனைக் கூடத்தான் இமைக்காம ஒரு மணி நேரம் பார்க்கறோம். அதுவும் திராடகமா?" என்று என் பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் நல்ல கேள்வி! போனில் படம் மாறிக்கொண்டே இருக்கிறது. அது ஓடுகிறது, மனசும் பின்னாலேயே ஓடுகிறது. சுடரில் புதிதாக ஒன்றும் நடக்கப் போவதில்லை. நடப்பதெல்லாம் நமக்குள்ளேதான். அதனால்தான் போனைக் கீழே வைக்கும்போது களைப்பும், விளக்கை அணைக்கும்போது ஓர் அமைதியும் வருகிறது.

செய்யும் முறை

விடியற்காலையில் அடுப்படிக்குள் நுழையும் முன், அல்லது ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு, பத்து நிமிஷம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். சாப்பிட்ட கையோடு வேண்டாம்.

1. மின்விசிறியை நிறுத்துங்கள். காற்று நேரே அடிக்காதபடி ஜன்னலைச் சாத்துங்கள். சுடர் ஆடினால் கண்ணும் ஆடும். பயிற்சி முடிந்ததும் ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

2. ஒற்றைத் திரி போட்ட அகலோ, மெழுகுவர்த்தியோ போதும். ஐந்து முகமும் ஏற்ற வேண்டாம். அதை ஒரு முக்காலியின் மேல், நாம் உட்கார்ந்தால் சுடர் கண்ணுக்கு நேராக இருக்கும்படி வையுங்கள். நமக்கும் அதற்கும் இரண்டு முதல் மூன்று அடி தூரம் இருக்கட்டும்.

3. தரையில் சம்மணமிட்டு உட்காரலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியிலேயே உட்காருங்கள். முதுகு நிமிர்ந்திருந்தால் சரி.

4. காண்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் அதைக் கழற்றிவிட வேண்டும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால் சுடர் ரொம்பவும் கலங்கித் தெரிகிறது என்றால் போட்டுக்கொண்டே பாருங்கள். கஷ்டப்பட்டுப் பார்ப்பது திராடகம் இல்லை.

5. திரியின் நுனிக்குச் சற்று மேலே பார்வையை வையுங்கள். முறைக்க வேண்டாம். தொட்டிலில் தூங்கும் குழந்தையைப் பார்ப்போமே, அந்த மாதிரிப் பார்வை. முதல் வாரம் அரை நிமிஷம் போதும். இமைக்கத் தோன்றினால் இமைத்துவிட்டுத் தொடருங்கள்.

6. பிறகு கண்களை மூடுங்கள். இமைக்குள்ளே ஒளிப்பொட்டு ஒன்று தெரியும். அது மறையும் வரை அதையே கவனியுங்கள். ஒரு நிமிஷம் ஆகலாம். இப்படி மூன்று தடவை.

7. கடைசியில் உள்ளங்கைகளைச் சூடு பறக்கத் தேய்த்து, கண்ணை அழுத்தாமல் மூடியபடி வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாகக் கண் திறந்து எழுந்திருங்கள்.

பழகப் பழக அரை நிமிஷத்தை ஒன்றாக, பிறகு இரண்டாக ஆக்கலாம். வீட்டில் தனியாகச் செய்பவர்களுக்கு அதற்கு மேல் அவசியமில்லை.

இன்னொன்று. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். நைலக்ஸ், பாலியெஸ்டர் புடவையாக இருந்தால் மாற்றிக்கொண்டே உட்காருங்கள். ஈரத் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு சுடரின் முன் குனிய வேண்டாம். கொசுவலை, திரைச்சீலை, தவழும் குழந்தை, இவை மூன்றும் அந்த அறையில் இருக்கக் கூடாது. விளக்கை அணைத்த பிறகுதான் படுக்கை. "இது தெரியாதா எங்களுக்கு?" என்பீர்கள். தெரியும். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

பயமும் வேண்டாம், பெருமையும் வேண்டாம்

கொஞ்ச நேரம் பார்த்ததும் சுவர் மங்கும். சுற்றியுள்ள சாமான்கள் கரைந்து போனது போலத் தோன்றும். சுடரைச் சுற்றி வளையம் தெரியும். உடனே ஒருத்திக்குப் பயம், இன்னொருத்திக்கு "எனக்கு சித்தி வந்துட்டுது!" என்ற பெருமை.

இரண்டுமே வேண்டாம். இது கண்ணின் இயல்பு. புது மூக்குத்தி போட்ட முதல் நாள் உறுத்திக்கொண்டே இருக்கும். ஒரு வாரம் போனால் மூக்குத்தி இருப்பதே தெரிவதில்லை. மாறாமல் இருப்பதை உடம்பு கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. கண்ணும் அப்படியே. ஓரிடத்தையே உற்றுப் பார்த்தால் ஓரத்தில் உள்ளவை மறைந்து போகும் என்பதை ஸ்விட்சர்லாந்து நாட்டு டாக்டர் டிராக்ஸ்லர் 1804லேயே எழுதி வைத்திருக்கிறார். நாம் அசையாமல் பார்ப்பதாக நினைக்கும்போது கூட, விழிகள் நமக்குத் தெரியாமல் மிக நுண்ணியதாக அசைந்துகொண்டுதான் இருக்கின்றன. கண்ணை நூற்றுக்கு நூறு நிறுத்த யாராலும் முடியாது. அதனால் "என் கண்ணு நிக்கவே மாட்டேங்குதே" என்று வருந்தவும் வேண்டாம்.

கண்ணை மூடியதும் தெரியும் ஒளிப்பொட்டும் அப்படித்தான். வெளிச்சம் பட்ட இடத்தில் விழித்திரை சற்றே களைத்துப் போவதால் வரும் பின்பிம்பம் அது. நிறம் மாறும், மங்கும், திரும்ப வரும். அதைப் பிடிக்கப் பார்வையைத் திருப்பினால் அதுவும் நகர்ந்துகொண்டே போகும். துரத்தாமல் விட்டுவிட்டால் நிற்கும். இதை மட்டும் கற்றுக்கொண்டாலே பாதி தியானம் வந்துவிட்டது என்பேன்.

கண்ணீர் விஷயத்துக்கு வருவோம். கண்ணீர் வரும்வரை பார்க்க வேண்டும் என்று பழைய நூலில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு "கெட்ட நீரெல்லாம் வெளியே போயிடும்" என்று வற்புறுத்திப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். சாதாரணமாக நாம் நிமிஷத்துக்கு 15 முதல் 20 தடவை இமைக்கிறோம். இமைக்காவிட்டால் விழியின் மேற்பரப்பு காய்கிறது. காய்ந்தால் கண் எரிந்து, காப்பாற்றிக்கொள்ள நீரைச் சுரக்கிறது. அவ்வளவுதான். நாற்பது தாண்டிய பெண்களுக்கு, முக்கியமாக மாதவிலக்கு நிற்கும் வயதில், கண் உலர்வது சகஜம். அவர்கள் எரிச்சல் தொடங்கும்போதே கண்ணை மூடிவிடுவதுதான் நல்லது. இமைக்காமல் எத்தனை நிமிஷம் என்று போட்டி போடுவதற்கு இதில் பரிசு கிடையாது.

போவதும் வருவதும்

பின் எதற்குத்தான் பரிசு? நான் சில வருஷங்களாக விடியற்காலையில் செய்து வருகிறேன். இன்றைக்கும் பத்து நிமிஷத்தில் பத்துத் தடவையாவது மனசு போய்விடும். கேஸ் சிலிண்டர் புக் பண்ணினோமா? மாவு புளித்திருக்குமா? ஊரிலிருந்து வரும் மாமியாருக்கு எந்த அறை? போன மனசு சுடர் முன்னால் தான் உட்கார்ந்திருப்பதை எப்போதோ ஒரு கணத்தில் உணர்கிறது பாருங்கள், அந்தக் கணம்தான் பயிற்சியின் பலன். கோபப்படாமல், "சரி, வா" என்று திரும்பக் கூட்டி வந்து சுடரில் உட்கார வைக்கிறோம். பத்துத் தடவை போனால் பத்துத் தடவை கூட்டி வருகிறோம். கூட்டி வருவதில்தான் மனசு பலப்படுகிறது. போகவே கூடாது என்று மல்லுக்கு நின்றால் தலைவலிதான் மிச்சம்.

இதன் உபயோகம் விளக்கின் முன் தெரியாது. சாயங்காலம் பையன் பாலைக் கொட்டிவிட்டு நிற்கும்போது தெரியும். கை ஓங்குவதற்கு முன் ஒரு நொடி இடைவெளி கிடைக்கும். "போகிறேன்" என்று மனசு கிளம்புவது தெரியும். அந்த ஒரு நொடி போதும் அம்மா, ஒரு குழந்தையின் சாயங்காலம் தப்பித்துவிடும்.

விளக்கு வசதிப்படாதவர்கள் வெள்ளைத் தாளில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் பொட்டு வைத்துச் சுவரில் ஒட்டிப் பார்க்கலாம். வாசலில் வைத்த கோலப் புள்ளி ஒன்று போதும். மொட்டை மாடியில் பௌர்ணமி நிலவையோ ஒரு நட்சத்திரத்தையோ பார்க்கலாம். ஆனால் சூரியனை மட்டும் பார்க்கவே கூடாது. உதய சூரியன்தானே, அஸ்தமன சூரியன்தானே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். சூரிய ஒளி விழித்திரையைச் சுட்டுவிட்டால் வலியே தெரியாது, போன பார்வை முழுதும் திரும்பும் என்ற உறுதியும் கிடையாது.

இரண்டு கேள்விகள்

இந்தப் பயிற்சியைப் பற்றிப் பேசினாலே தாய்மார்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் இரண்டு.

முதலாவது: "என் பொண்ணுக்கு எட்டு வயசு. கண்ணாடி போட்டிருக்கா. திராடகம் செஞ்சா கண்ணாடியைக் கழட்டிடலாமா?"

முடியாது. கிட்டப்பார்வை என்பது பெரும்பாலும் விழிக்கோளம் சற்று நீண்டுவிடுவதால் வருவது. சுடரைப் பார்த்து அதன் நீளத்தைக் குறைக்க முடியாது. பழைய நூல்கள் கண்ணோய் போகும் என்று புகழ்ந்திருக்கலாம். அதை நம்பிக் குழந்தையின் கண்ணாடியைப் பிடுங்கிவிடாதீர்கள். ஏழெட்டு வயதுக்குள் சரியான கண்ணாடி கிடைக்காவிட்டால், சில குழந்தைகளுக்கு ஒரு கண் 'சோம்பேறிக் கண்'ணாகி, பிற்பாடு கண்ணாடி போட்டாலும் முழுப் பார்வை வராமல் போகலாம். கல்யாணத்துக்குக் கண்ணாடி தடையாகுமே என்று இன்றைக்கே கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பெண்ணுக்குக் கண்தான் முக்கியம். தினமும் வெளிச்சத்தில், வெளியில் ஓடி விளையாட விடுங்கள். கிட்டப்பார்வை வராமல் தடுக்க அது உதவும் என்று கண் டாக்டர்களே சொல்கிறார்கள்.

இரண்டாவது கேள்வி கொஞ்சம் மெல்லிய குரலில் வரும். "குழந்தை பிறந்து மூணு மாசம் ஆச்சு. ராத்திரி அது தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வரலை. காரணமே இல்லாம அழறேன். குழந்தையைப் பார்த்தா ஆசையே வரமாட்டேங்குது. மாமியார், விளக்கைப் பார்த்து தியானம் பண்ணு, சரியாயிடும்கறாங்க. பண்ணலாமா?"

கண்ணே, நீ விளக்கைப் பார்க்கும் முன் டாக்டரைப் பார்க்க வேண்டும். பிரசவமான முதல் ஓரிரு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் உண்டு, தானே போய்விடும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது ஒரு நோய். மனசில் திடம் இல்லாததால் வந்ததல்ல, நல்ல தாய் இல்லை என்பதற்கு அடையாளமும் அல்ல. வைத்தியம் உண்டு. பால் கொடுக்கும் தாய்க்கும் ஏற்ற மருந்துகள் இருக்கின்றன. பிரசவம் பார்த்த டாக்டரிடமே சொல்லலாம். அல்லது 14416 என்ற இலவச எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம். மத்திய அரசு 2022இல் தொடங்கிய 'டெலி-மனஸ்' சேவை அது. தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால், ஒரு நாள் கூடப் பொறுக்க வேண்டாம். வீட்டில் இருக்கும் மூத்தவர்கள் தயவுசெய்து அவளைத் தனியே விளக்கின் முன் உட்கார வைக்காமல், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போங்கள். அவள் தேறி எழுந்த பிறகு இந்தச் சுடர் எங்கேயும் போய்விடாது.

யாருக்கு வேண்டாம்?

காக்காய் வலிப்பு உள்ளவர்கள் ஆடும் சுடரைப் பார்க்க வேண்டாம். கண் அழுத்த நோய், விழித்திரைக் கோளாறு உள்ளவர்கள், சமீபத்தில் கண் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் தங்கள் கண் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். வெளிச்சம் பட்டால் ஒற்றைத் தலைவலி வருகிறவர்களுக்கும், 'மெட்ராஸ் ஐ' வந்து கண் சிவந்திருப்பவர்களுக்கும் இது வேண்டாம். இல்லாத குரல் கேட்பது, உருவம் தெரிவது போன்ற மனநோய்க்கு வைத்தியம் செய்துகொள்பவர்கள் இதை அறவே தவிர்க்க வேண்டும். சின்னக் குழந்தைகளை வற்புறுத்தி உட்கார வைக்காதீர்கள்.

மற்றவர்களுக்கு நன்மை உண்டா? 2014இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் 60 முதியவர்களை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒரு பிரிவினர் சுமார் ஒரு மாதம் திராடகம் செய்ததில் கவனமும் ஞாபகமும் சோதனைகளில் முன்னேறியிருந்தன. சிறிய ஆய்வுதான். இதை வைத்துக்கொண்டு சர்வரோக நிவாரணி என்று யாராவது பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். திராடகத்துக்கு ஆகும் செலவு ஒரு திரியும் ஒரு கரண்டி எண்ணெயும்தான்.

வரும் பதினைந்து நாளும் செய்து பாருங்கள். ஒரு சின்ன நோட்டில் தினமும் ஒரே ஒரு வரி எழுதுங்கள். எத்தனை நிமிஷம் இமைக்கவில்லை என்று எழுத வேண்டாம். எத்தனை தடவை மனசைக் கூட்டி வந்தீர்கள் என்று எழுதுங்கள். எண்ணிக்கை கூடினால் கவலைப்படாதீர்கள். மனசு போவது இப்போதுதான் கண்ணில் படுகிறது என்று அர்த்தம்.